ஆள் என்று கூப்பிட்ட ராஜா

ஏழு ஏரிக்கு அந்தப் பக்கம், எட்டாவது ஏரிக்கரையில், ஒரே ஒரு ஊரை வைத்துக்கொண்டு தன்னை ராஜா என்று சொல்லிக்கொண்ட ஒருவன் இருந்தான். ஒரு ஊருக்கு ராஜாவா என்று கேட்காதீர்கள், கதையில் அப்படித்தான். அவன் அரண்மனையில் முப்பத்திரண்டு பேர் வேலை செய்தார்கள். இத்தனை பெயரை எவன் ஞாபகம் வைத்துக்கொள்வது என்று ராஜாவுக்குச் சலிப்பு வந்தது. இனிமேல் எல்லாருக்கும் ‘ஆள்’ என்று ஒரே பெயர்தான், அரண்மனைக்குள் வேறு பெயர் சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டான்.

“கைவிரல் அஞ்சுக்கும் பேர் வச்சா கூப்பிடறோம்?” என்று விரலை நீட்டிக் கேட்டானாம். ஐந்துக்கும் பெயர் உண்டு என்றும், அவன் நீட்டிய விரலுக்குப் பெயரே ஆள்காட்டி விரல் என்றும் எடுத்துச் சொல்ல அந்தச் சபையில் ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை.

இந்த உத்தரவுக்கு அப்புறம்தான் குருவம்மாளும் அவள் புருஷனும் பஞ்சம் பிழைக்க அந்த ஊருக்கு வந்தார்கள். அவன் சுண்ணாம்பு அடிக்கிறவன். அவன் மட்டையைப் பிடித்தால் சுவரில் ஒரு கோடு தெரியாது. ஆனால் தண்ணீர் என்றால் பயம். குளிப்பதற்குக்கூடக் குருவம்மாள்தான் குடத்தில் மொண்டு ஊற்ற வேண்டும். அரண்மனையில் அவன் ஆள். கூட வேலை செய்தவர்களுக்கு மாமன். குருவம்மாளோ, கட்டியவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள், அதனால் அவளுக்கு அவன் ‘இந்தாங்க’. இப்படியாக அவன் பெயர் அந்த ஊரில் யார் வாயிலும் ஏறவில்லை.

அந்த வருஷம் மழை கொட்டியது. ஏரி தளும்பி, மதகு அடைத்துக்கொண்டது. முங்கித் திறக்கத் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். அவனை அன்றைக்கு யானைக் கொட்டடியில் சாணி அள்ள விட்டிருந்தார்கள். ராஜா கரையில் நின்று, பக்கத்தில் இருந்தவனைக் காட்டினான்.

“ஆள், இறங்கு.”

“ராசா, நான் சுண்ணாம்புக்காரன். நீச்சல் தெரியாது. முங்குறவரு கொட்டடியில இருக்காரு, இப்பவே கூட்டியாந்துடுறேன்.”

“ஆளுக்கு ஆள் என்ன வித்தியாசம்? இறங்கு.”

இறங்கினான். மதகும் திறக்கவில்லை, அவனும் மேலே வரவில்லை. பிறகுதான் முங்குகிறவனைக் கூட்டிவந்தார்கள். அவன் மதகையும் திறந்தான், செத்தவனையும் தூக்கி வந்தான். குருவம்மாள் அழுது, அடக்கம் செய்து, தலைமுழுகினாள்.

மறுநாள் காலையில் அவன் வேலைக்கு வந்துவிட்டான்.

ஆமாம், செத்தவன்தான். சொட்டச் சொட்ட வந்து மட்டையை எடுத்துச் சுவரில் அடித்தான். அடுத்த நாளும் வந்தான். அதற்கு அடுத்த நாளும் வந்தான். ஏனென்றால் அந்த ஊரில் ஒரு வழக்கம். வேலையில் செத்தவனை, வேலை ஏவியவரே தண்ணீரில் நின்று பெயர் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டு, வேலை முடிந்தது, போ என்று சொல்லி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அவன் வீட்டுக்கும் போக மாட்டான், மேலுலகத்துக்கும் போக மாட்டான், வேலைக்குத்தான் போவான். ராஜாவுக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. சோறும் கேட்காத, ஓய்வும் கேட்காத ஆள் வேறு எங்கே கிடைப்பான்?

குருவம்மாள் தினமும் வாசலில் நின்றாள். அவன் அவளைத் தெரியாதவன் போலக் கடந்து போனான். அவரை அனுப்பிவிடுங்கள் என்று ராஜாவிடம் ஒரு தரம் கேட்டாள், விரட்டினார்கள். இரண்டாம் தரம் கேட்டாள், விரட்டினார்கள். மூன்றாம் தரம் கேட்டபோது, அவன் சொட்டிய ஈரத்தில் அரண்மனையில் ஒரு சுவரும் காயாமல், மெத்தையில் பூஞ்சை பூத்து, ராணி தாய்வீடு போய், ராஜா இருமிக்கொண்டிருந்தான். சரி, அவன் பெயரைச் சொல் என்றான்.

“அவங்க பேரை நான் சொல்லக் கூடாதுங்க.”

“செத்தவனுக்கு இனி என்ன ஆயுசு?”

“தினம் வேலைக்கு வர்ற மனுசனை எப்படிங்க செத்தவருன்னு சொல்றது?”

முருகன் ஏறுகிற பறவையில் தொடங்கும் என்று ஜாடை சொல்லப் பார்த்தாள். விடுகதைக்கு நேரமில்லை என்று ராஜா எழுந்து போய், முழங்கால் தண்ணீரில் நின்று, தனக்குத் தெரிந்த ஒரே பெயரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டான். ஆள், வேலை முடிந்தது, போ.

உயிரோடிருந்த முப்பத்திரண்டு ஆளுக்கும் அது கேட்டது. சமையல்காரன் கரண்டியைக் கீழே வைத்தான். குதிரைக்காரன் கடிவாளத்தை மாட்டிவைத்தான். முங்குகிறவன் சாணிக் கூடையைக் கவிழ்த்தான். எல்லாரும் போய்விட்டார்கள். சுண்ணாம்பு அடிக்கிறவன் மட்டும் அசையவில்லை. அது அவன் பெயர் இல்லையே.

அப்புறம் ராஜா காய்ச்சலில் விழுந்தான். கூப்பிட்டால் வருகிறவன் செத்தவன் ஒருவன்தான். இரண்டு கையிலும் தண்ணீர் ஏந்தி வந்து ஊற்றுவான், அதில் சுண்ணாம்பு வாசம் அடிக்கும். ஒருநாள் குடித்துவிட்டு ராஜா கேட்டான்.

“உன் பேர் என்ன?”

“மயில்வாகனன், ராசா.”

“இத்தனை நாள் ஏன் சொல்லலை?”

“கேக்கலையே.”

பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் இவனை அனுப்பிவிட்டால் தண்ணீர் கொடுக்க யார்? வைத்துக்கொண்டால் ஈரத்தில் சாவு, அனுப்பினால் தாகத்தில் சாவு. மூன்று நாள் அந்தப் பெயரை வாயிலேயே அடக்கி வைத்திருந்தான். மூன்றாம் நாள் கூரை ஒழுகி நெஞ்சில் சொட்டி, மூச்சு இழுத்தது. அறையிலேயே கணுக்கால் தண்ணீர் நின்றது. அதில் இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மயில்வாகனா, வேலை முடிந்தது, போ என்று மூன்று தரம் சொன்னான்.

மயில்வாகனன் மட்டையை வைத்தான். வாசலுக்கு வந்தான். இந்தத் தரம் அவனுக்குக் குருவம்மாளைத் தெரிந்தது. போயிட்டு வர்றேன் என்று சொல்லவில்லை.

“போறேன் குருவு,” என்றான்.

அவன் கால் தடம் தெருக்கோடி வரைக்கும் ஈரமாகப் போய், அங்கே காய்ந்தது. அது காயும்வரை பார்த்திருந்துவிட்டு, “மயில்வாகனன்,” என்று அவள் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள்.

உள்ளே சுவரெல்லாம் உலரத் தொடங்கியது. ராஜாவுக்கு நாக்கு வறண்டது. ஆள் என்று கூப்பிட்டான், ஆள் இல்லை. உலகத்தில் அவனுக்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்று. அதையும் சொல்லிக் கூப்பிட்டான். அந்தப் பெயருக்கு உரியவனின் வேலை முடிந்துவிட்டது.

அவன் அங்கே தாகத்தோடு கிடக்கட்டும், நாம் இங்கே தண்ணீர் குடிப்போம். கொண்டுவந்து கொடுப்பவர் பெயரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.