பச்சைத் தண்ணீர்க் கூட்டம்

பி.டி. மாஸ்டர் வேதமாணிக்கம் தொடங்கி வைத்த வீட்டுக் குழுக்கள் எல்லாம் நன்றாகத்தான் பிறந்தன. ஒன்றுகூட வளரவில்லை.

காரியம் சின்னதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சபையார் சிலர் ஒரு வீட்டில் கூட வேண்டும். இரண்டு பாட்டுப் பாடி, வேதத்தில் ஒரு பகுதி வாசித்து, மனம்விட்டுப் பேசி, ஜெபித்துவிட்டுப் போக வேண்டும். அடுத்த வாரம் அடுத்த வீடு. பள்ளிக்கூடத்தில் கபடிக் குழு கட்டுகிறவனுக்கு இது ஒரு வேலையா என்றுதான் மாஸ்டர் இறங்கினார்.

எந்தக் குழுவும் ஒரு மாதத்தைத் தாண்டவில்லை. ஒரு வீட்டில் அத்தைக்குக் காய்ச்சல். இன்னொரு வீட்டில் வெள்ளையடிப்பு. அதோடு சரி. மாஸ்டர் பாட்டை மாற்றிப் பார்த்தார், நேரத்தை மாற்றிப் பார்த்தார், பாடப் புத்தகத்தையும் மாற்றிப் பார்த்தார். வராதவர்களை வீட்டு வாசலில் நின்று திட்டியும் பார்த்தார்.

கமிட்டியில் பொருளாளர் கோயில்பிள்ளை சொல்லிவிட்டார். "போதும்வே மாஸ்டர். ஊரு சிரிக்குது. இந்த மாசக் கடைசியோட இத மூடிருவோம்."

"மூட மாட்டேன்," என்றார் மாஸ்டர். "இன்னொரு குழு ஆரம்பிக்கேன். அதுவும் படுத்துச்சுன்னா, அதுக்கப்புறம் இந்தக் கோயில்ல ஒரு வேலைக்கும் நான் வர மாட்டேன். கடைசி பெஞ்சுல உக்காந்துட்டுப் போயிருவேன்."

வீம்பாகச் சொல்லிவிட்டு வந்தவருக்கு உள்ளே உதறல். மனைவி மஸ்கட்டில் நர்ஸ். பிள்ளைகளும் அங்கேயேதான். வீட்டு அடுப்பில் பல்லி குடியிருந்தது. ராத்திரிச் சாப்பாடு முக்குக் கடையில். இந்த ஊரில் அவருக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் கோயில், கோயிலை விட்டால் ஒன்றுமில்லை.

நேரே ஆயரம்மாவிடம் போனார். சபையை நடத்தும் ஆயரம்மா சலோமி அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் வேதத்தை எடுத்துச் சொல்ல மாஸ்டர் பாடம் கேட்டுக்கொண்டிருந்தது அவரிடம்தான். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் அந்த அம்மாளுக்குக் கிடையாது.

"ஆயரம்மா, நான் ஆரம்பிக்கிற குழுவெல்லாம் ஏன் செத்துப்போகுது?"

"கடைசிக் கூட்டம் யாரு வீட்டுல நடந்துச்சு?"

"பொருளாளர் வீட்டுல. பிரமாதமா நடந்துச்சு."

"என்ன பேசுனீங்க?"

மாஸ்டர் யோசித்தார். எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. "இடியாப்பமும் கோழிக்குழம்பும் போட்டாங்க," என்றார்.

"அதுக்கு முந்தின வாரம்?"

"பஜ்ஜி, கேசரி."

"மொத வாரம்?"

"டீ, பிஸ்கட்."

ஆயரம்மா சிரிக்கவில்லை. "புதுக் குழுவோட மொதக் கூட்டம் என் வீட்டுல," என்றார். "எல்லாரையும் வரச் சொல்லுங்க. பொருளாளரையும் கூப்பிடுங்க."

வெள்ளிக்கிழமை மாஸ்டர் முன்கூட்டியே ஆயர் வீட்டுக்குப் போய்விட்டார். வாசனை ஒன்றும் வரவில்லை. சமையலறையை எட்டிப் பார்த்தார். அடுப்பு மேடை துடைத்துவிட்டாற்போல இருந்தது.

"டிபன் கடையிலருந்து வருதா?"

"இல்ல."

"டீ?"

"அதுவும் இல்ல."

"ஆயரம்மா, பொருளாளர் குடும்பத்தோட வாராரு."

"வரட்டும்."

மாஸ்டர் வெளியே ஓடினார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முக்குக் கடைக்குப் பறந்தார். திரும்பி வந்தபோது ஆயரம்மா வாசலில் நின்றார்.

"கையில என்ன?"

"பஜ்ஜி. நான்தான் வாங்குனேன். நீங்க செஞ்சதா யாரும் சொல்ல மாட்டாங்க."

"வண்டியில வச்சுட்டு வாங்க."

"நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"சொல்லட்டும். அது உள்ள வந்தா, நான் வெளிய போயிருவேன்."

அந்த அம்மாள் சொன்னால் செய்கிறவர். மாஸ்டர் பொட்டலத்தை வண்டிப் பெட்டிக்குள் திணித்தார். அவருக்கு வந்த ஆத்திரத்தில் பஜ்ஜி நசுங்கியிருக்கும்.

ஹால் நிறைந்தது. கோயில்பிள்ளையும் அவர் மனைவி லில்லி புஷ்பமும் சோபாவில் உட்கார்ந்தார்கள். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற கிருபாவதி கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். அவள் எந்தக் குழுவிலும் ஆரம்பத்தில் வருவாள். அவள் வீட்டு முறை நெருங்கும்போது நின்றுவிடுவாள். உனக்கு விசுவாசம் பத்தாது என்று மாஸ்டர் போன வருஷம் அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்.

பாட்டு முடிந்தது, வாசிப்பு முடிந்தது, ஜெபம் முடிந்தது. எல்லார் கண்ணும் சமையலறைப் பக்கம் போனது. ஆயரம்மா ஒரு செம்பும் தம்ளர்களும் கொண்டு வந்து, ஆளாளுக்குத் தானே ஊற்றிக் கொடுத்தார். லில்லி புஷ்பம் தம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பானைத் தண்ணிதான். குடிங்க," என்றார் ஆயரம்மா.

கோயில்பிள்ளை தம்ளரைக் கீழே வைத்தார். "ஏம்மா, ஆயர் வீட்டுல ஒரு டீ போடக்கூட வழியில்லையா?"

"வழி இருக்கு. போட மாட்டேன்."

"என்னது?"

"இந்தக் குழுவுல யாரு வீட்டுக்குப் போனாலும் தண்ணிதான், ஐயா. அதுக்கு மேல ஒண்ணு வச்சா, நான் எந்திரிச்சு வந்துருவேன்."

"வீடு தேடி வந்தவங்கள இப்படியா அவமானப்படுத்துறது?" கோயில்பிள்ளை எழுந்துவிட்டார். லில்லி புஷ்பம் சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். அவர்களைப் பார்த்து இன்னும் சில குடும்பங்கள் செருப்பைத் தேடின. ஆயரம்மா வாசல்வரை போய்க் கும்பிட்டு வழியனுப்பிவிட்டு, செம்போடு திரும்பி வந்தார்.

மாஸ்டருக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. தான் கட்டிய குழு கண்ணெதிரே கலைகிறது, கலைப்பது தன் குருவே.

கதவோரத்தில் கிருபாவதி தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"அடுத்த வெள்ளி எங்க வீட்டுல வைக்கலாமா, ஆயரம்மா?"

கேட்டது ஆயரம்மாவிடம். பார்த்தது மாஸ்டரை.

"போன வருசம் எங்க அத்தைக்குக் காய்ச்சல்னு சொன்னேம்லா, மாஸ்டர். காய்ச்சலெல்லாம் ஒண்ணுமில்ல. இத்தன பேருக்குக் கேசரி கிண்ட அன்னைக்கு எனக்கு வக்கில்ல. இப்ப சொல்லுதேன், வெக்கமில்லாமதான் சொல்லுதேன். எங்க வீட்டுலயும் தண்ணி இருக்கு."

மாஸ்டர் தலை குனிந்தார். தான் அவளிடம் சொன்ன வார்த்தை அவரையே சுட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை கிருபாவதியின் ஒற்றை அறையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். விட்டுவிட்டுப் போன புருஷனைப் பற்றி அவள் பேசினாள். கடையில் நாள் முழுக்க நின்று வீங்கிப்போகும் காலைப் பற்றிப் பேசினாள். இதுவரை அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் அன்று பேசியது மாஸ்டருக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருந்தது.

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து சபை வெளியே வந்தது. கோயில்பிள்ளை எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்.

"என்ன மாஸ்டர், அடுத்த பச்சத்தண்ணிக் கூட்டம் எங்க? வீடு கிடைக்கலயோ? கிடைக்கலன்னா சொல்லும்வே. கமிட்டி உள்ளதான் இருக்கு, இப்பவே மூடிருவோம்."

சிலர் சிரித்தார்கள். மாஸ்டர் திரும்பினார். குழுவில் மிச்சமிருந்தவர்களைப் பார்த்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிருபாவதி மட்டும் அவரையே பார்த்தாள்.

"யாரும் கையத் தூக்க மாட்டேங்காங்க, ஆயரம்மா," என்றார் மாஸ்டர், வாசலில் நின்ற ஆயரம்மாவிடம். குரல் இறங்கிப்போயிருந்தது.

"நீங்க தூக்குனீங்களா?"

"நானா?" மாஸ்டர் திகைத்துப்போனார். இத்தனை குழு ஆரம்பித்தவர், ஒரு கூட்டத்தைக்கூடத் தன் வீட்டில் வைத்ததில்லை. அந்த வீட்டை அவர் ஒரு வீடாகவே சேர்த்துக்கொண்டதில்லை. "என் வீட்டுல யாரு இருக்கா? அவ மஸ்கட்டுல. அடுப்பே பத்த வைக்கிறது கிடையாது. வாரவங்களுக்கு நான் என்னத்தக் குடுக்க?"

கோயில்பிள்ளை காத்துக்கொண்டிருந்தார். சிரித்தவர்களும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆயரம்மா மாஸ்டரிடம் கேட்டார்:

"உங்க தெருவுல தண்ணி வருதுல்லா, அண்ணாச்சி?"