அடைத்துவைத்த போர்ட்

குரு என்றால் தாடி இருக்கும் என்று நினைப்பவர்கள் ரெஜினா டீச்சரைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். பாளையங்கோட்டையில் ஒரு மாடியறையில் அவர் கம்ப்யூட்டர் நெட்வொர்க் சொல்லித்தருகிறார். மாணவர் மாசானம் அவரைவிட வயதில் மூத்தவர். கடைகளுக்குக் கேமரா மாட்டுவது தொழில். நல்ல மனிதர்தான், பொறுமைதான் கொஞ்சமும் கிடையாது.

அன்று மேசைமேல், கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் பெட்டிகள் மூன்று இருந்தன. ஒவ்வொன்றும் மற்ற இரண்டோடும் கேபிளால் இணைந்திருந்தது. கேபிள் செருகிய போர்ட்டுகளில் எல்லாம் பச்சை விளக்கு. மூன்றாவது பெட்டியில் ஒரு போர்ட் மட்டும் ஆரஞ்சு.

"டீச்சர், இது ஏன் ஆரஞ்சுலயே நிக்குது? கேபிள் நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஸ்விட்சே அந்த வழிய அடைச்சு வச்சிருக்கு."

"நல்ல வழிய எதுக்கு அடைக்கணும்? தொறந்து விடுங்க டீச்சர்."

டீச்சர் மறுக்கவில்லை. வழியை அடைத்துவைக்கும் ஏற்பாட்டை லேப்டாப்பில் நிறுத்தினார். ஆரஞ்சு பச்சையானது. மாசானத்துக்கு ஒரே சந்தோஷம்.

"இப்ப ஒரே ஒரு கேள்வி அனுப்புதேன். பிரிண்டர் எங்க இருக்குன்னு. எல்லாருக்கும் போகும்."

அனுப்பினார். மூன்று பெட்டிகளிலும் விளக்குகள் பேய் பிடித்ததுபோல் மின்னின. லேப்டாப் அப்படியே உறைந்து நின்றது.

"யாரு இவ்வளவு அனுப்புதா?"

"யாரும் இல்ல, அதே கேள்விதான். முதல் பெட்டி ரெண்டாவதுட்ட சொல்லுது, ரெண்டாவது மூணாவதுட்ட. மூணாவது திரும்ப முதல் பெட்டிட்டயே சொல்லுது. அது ஏதோ புதுசுன்னு நெனச்சு மறுபடி சொல்லுது."

"எவனாவது நடுவுல மாத்திச் சொல்லியிருப்பான்."

"ஒரு எழுத்துகூட மாறல அண்ணாச்சி. எல்லாம் உள்ளத உள்ளபடிதான் சொல்லுது."

மாசானத்தின் முகம் வாடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கை மகளுக்குக் காதுகுத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய பெரிய தாய்மாமன் அவருடைய அண்ணன். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தங்கையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"மண்டபம் எதுக்கு, கோயில்ல வச்சா போதாதான்னு அண்ணன் கேட்டான் டீச்சர். தங்கச்சிட்ட நேராவே கேட்டுட்டான். நானும் போய் அதையே சொன்னேன். அவ வருத்தப்பட்டத அண்ணன்ட்ட சொன்னேன். அவன் கோவப்பட்டத இவட்ட சொன்னேன். நான் எதையும் மறைக்கல. ஒண்ணையும் கூட்டியும் சொல்லல."

டீச்சர் ஒரு கேபிளை உருவினார். ஆட்டம் அடங்கியது. பிறகு பழைய ஏற்பாட்டை மறுபடி போட்டுவிட்டுக் கேபிளைச் செருகினார். மூன்றாவது பெட்டியின் அந்த போர்ட் மறுபடி ஆரஞ்சாகி நின்றுவிட்டது.

"புரிஞ்சிட்டு டீச்சர். நானும் முந்தாநாளே முடிவு பண்ணிட்டேன். இனிமே ஒருத்தர் பேச்ச இன்னொருத்தர்ட்ட கொண்டுபோக மாட்டேன். யார் போன் பண்ணாலும் எடுக்கவும் மாட்டேன்."

"இது அப்படி இல்லியே. பக்கத்துப் பெட்டி 'நான் இருக்கேன், நான் இருக்கேன்'னு சொல்லிக்கிட்டே இருக்கு. அடைச்ச போர்ட்டும் அத விடாம கேட்டுக்கிட்டுதான் இருக்கு."

"கேட்டு என்ன செய்யப்போகுது?"

டீச்சர் முதல் பெட்டிக்கும் இரண்டாவது பெட்டிக்கும் இடையே இருந்த கேபிளை உருவிக் கையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. மாசானம் பெட்டியைத் தட்டப் போனார்.

"சும்மா இருங்க அண்ணாச்சி. இப்பதான் நெலமை என்னன்னு கேக்குது."

காத்திருந்தார்கள்.

"இப்ப யாரு எந்தப் பக்கம் இருக்காங்கன்னு கத்துக்கிடுது. இன்னும் எதையும் கடத்தாது."

சற்று நேரத்தில் ஆரஞ்சு பச்சையானது. டீச்சர் பிரிண்டர் கேள்வியை மறுபடி அனுப்பினார். அது முதல் பெட்டியிலிருந்து மூன்றாவது பெட்டி வழியாக இரண்டாவது பெட்டிக்குப் போய், பதிலும் வந்துவிட்டது. விளக்குகள் நிதானமாகச் சிமிட்டின.

"அண்ணன் கடைசியா உங்ககிட்ட எப்ப பேசினாரு?" என்று டீச்சர் கேட்டார்.

"நேத்து. எடுக்கக்கூடாதுன்னுதான் இருந்தேன். மனசு கேக்கல, எடுத்துட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"புள்ளைக்குக் காது குத்துற ஆசாரி கை நடுங்காத ஆளான்னு கேட்டான். நான் பதிலே சொல்லாம வச்சிட்டேன்."

"தங்கச்சிட்ட சொன்னீங்களா?"

"அதான் எதையும் கொண்டுபோக மாட்டேன்னு முடிவு பண்ணிட்டேனே."

"அவங்க ரெண்டு பேரும் நேரா பேசிக்கிடுறாங்களா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப அந்தக் கேள்வி வேற எந்த வழியா தங்கச்சிட்ட போகும், அண்ணாச்சி?"