ஒத்தைப் புருவமும் ஒரு மியூவும்

ஒரு ஊர்ல ஒரு சலவைக்காரன் இருந்தான். நம்ம ஊரு இல்லடா கண்ணு, நைல் நதி ஓடுற எகிப்து. ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி. அவன் பேரு ஹப்பு. ம் கொட்டு... ஆங்.

அங்க பூனைன்னா சாமி மாதிரி. பூனைக்குப் பேரே 'மியூ'தான். வீட்டுப் பூனை செத்துட்டா அத்தனை பேரும் புருவத்த மழிச்சுக்குவாங்க. எவனாவது கொன்னுட்டான்னா, அவன் தலை போயிடும்.

ஒருநாள் ஹப்பு, மெரெத்துங்கிற பெரிய வீட்டம்மாவோட அழுக்குத் துணியக் கூடையோட தூக்கிட்டு ஆத்துக்குப் போனான். இறக்கி வச்சா, கூடை அசையுது! உள்ள யாரு? அம்மாவோட மியூ. வயிறு பெருத்த சினைப் பூனை. வெயில் பட்டதும் மிரண்டு, கோரைமேல தாவித் தாவி, தண்ணிக்குள்ள இருந்த திட்டுல போய் உக்காந்துக்கிச்சு. அப்போ பக்கத்துல ஒரு கட்டை மிதந்துது. கட்டைக்குக் கண்ணு இருந்துது.

முதலை!

ஹப்புவுக்குக் கழுத்து கூசுச்சு. இந்தப் பூனை செத்தா நானும் செத்தேன்.

"மியூ, மியூ"ன்னு கூப்பிட்டான். வரல. சளக்... கட்டை கிட்ட வந்துது. அப்புறம் ரொட்டிக்கு வச்சிருந்த கருவாட்ட நீட்டினான். மோந்துகூடப் பாக்கல. சளக்... இன்னும் கிட்ட.

அப்போதான் உறைச்சுது. குட்டி போட இடம் தேடித்தானே இது வீட்டம்மா வாசம் அடிக்கிற துணிக்குள்ள படுத்துது! கூடையத் தூக்கிட்டுத் தண்ணில இறங்கினான். முழங்கால்... இடுப்பு... மார்பு. கூடைய நீட்டினான். மியூ முன்னங்கால வச்சுது. நின்னுது. பின்னங்கால வச்சுது...

மடார்! முதலை வாயில வெறுங்கோரை. ஹப்பு திரும்பிப் பாக்காம ஓடினான்.

வாசல்ல காவக்காரனுக்குப் புருவத்தக் காணோம். சமையக்காரிக்கும் காணோம். பூனைய எங்க தேடியும் காணோம்னு, செத்துதுன்னே முடிவு கட்டிட்டாங்க! நாவிதன் கத்தியோட நிக்கிறான். அம்மாவுக்கு ஒரு புருவம் போயிருந்துது, ஒண்ணு மிச்சம்.

"துணி எடுக்க வந்த நீதானேடா கொன்னே?"ன்னு அம்மா கத்தினா.

ஹப்பு கூடைய இறக்கினான். உள்ளேர்ந்து மீ... மீ... மீ... மூணு சின்னக் குரல். அப்புறம் மியூ தலைய நீட்டி, அம்மாவோட ஒத்தைப் புருவத்தையே பாத்துது. யாரும் சிரிக்கல. அவ்வளவு பயம்.

அம்மா சொன்னா, "நாவிதா, இதையும் எடுத்துடு. அப்புறம் இவனோடதையும்."

"என்னோடது எதுக்கு எஜமானியம்மா?"

"நாங்க மட்டும் இந்த மூஞ்சியோட திரியணுமா?"

ஹப்பு கண்ண மூடி முகத்தக் காட்டினான். சரக், சரக். கழுத்துக்கு வர இருந்த கத்தி, புருவத்தோட போச்சு.

மியூ கூடைக்குள்ள, கதை காதுக்குள்ள, நீ போர்வைக்குள்ள. தூங்கு.