கூன்மலைக்கு யார் போனது?

கூன்மலைக்கு ஆள் கூட்டிப்போகும் வழிகாட்டிகளுக்கெல்லாம் குரு செண்பகவல்லி. போன மாசம் அந்தப் பக்கம் தும்மியவன் எந்த ஊர்க்காரன் என்று மோப்பம் பிடித்தே சொல்லிவிடுவார். நம்பாதவர்கள் போய்த் தும்மிப் பார்க்கலாம்.

சீடர் இசக்கியப்பன் குருவைவிட வயதில் மூத்தவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக ஆள் கூட்டிப்போக வேண்டும் என்பதே அவர் ஆசை. அதற்கு ஒரு தேர்வு உண்டு. ஒரு கூட்டத்தை மலைமேல் ஓர் இரவு தங்கவைத்து இறக்க வேண்டும். மறுநாள் குரு தேடிப் போவார். தங்கிய இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் சீடர் தோற்றார்.

முதல் தடவை குரு கையில் ஒரு கறிவேப்பிலையோடு இறங்கி வந்தார்.

"அண்ணே, மலையில கறிவேப்பிலை மரம் எங்க இருக்கு?"

"புளியோதரையில கிடந்திருக்கும்மா. ஒதுக்கிப் போட்டிருப்பாங்க. இலைதானே, மக்கிரும்."

"அதுல ஒட்டின ருசி மக்காது அண்ணே. நக்கிப் பார்த்த குரங்கு அடுத்த வாரம் உங்க பொட்டலத்தைப் பிடுங்கும்."

அடுத்த தடவை, தங்கிய இடத்தைத் தழையை ஒடித்துக் கல்யாண வீட்டு வாசல் மாதிரிக் கூட்டித் தள்ளிவிட்டு வந்தார் இசக்கியப்பன். போன சுருக்கில் குரு திரும்பிவிட்டார்.

"மலை எப்பண்ணே வாசல் கூட்டிச்சு? சருகு எங்க? அதுக்குள்ள குடியிருந்த பூரான் எங்க?"

இன்னும் ஒரே ஒரு தடவைதான். அதிலும் தோற்றால், காலம் பூராவும் அடுத்தவர் கூட்டத்துக்குப் பின்னால் மூட்டை தூக்க வேண்டியதுதான்.

இந்த முறை பாட்டுப்பெட்டிகளை அடிவாரத்திலேயே பிடுங்கி வைத்தார். பாறையை விட்டு மண்ணில் கால் வைக்க விடவில்லை. அடுப்பு இல்லை, கட்டுச்சோறுதான். ஓடைப் பக்கம் சோப்போடு போனவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். கறிவேப்பிலையைக்கூட எல்லோரும் மென்று விழுங்கும்வரை எதிரில் நின்றார். விசில் ஊதாமலே முப்பது பேரை அடக்கினார்.

மறுநாள் விடியற்காலை தேடிப்போன குரு, பொழுது சாயத்தான் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"நீங்க மலைக்கே போகலை அண்ணே. அடிவாரத்து டீக்கடையில உட்கார்ந்து பொழுதை ஓட்டிட்டு வந்திருக்கீங்க."

இசக்கியப்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னம்மா இப்படிச் சொல்லிட்டீங்க! முப்பது பேரும்மா! வாங்க, இடத்தைக் காட்டுறேன்."

காலையில் இருவரும் ஏறினார்கள். ஒரு பாறைமேல் போய் நின்றார் இசக்கியப்பன்.

"இங்கதாம்மா படுத்தோம்... இல்லை, அந்தா, அந்தப் பாறை."

அங்கே போனால் அது இல்லை போலிருந்தது. இன்னொன்றுக்கு ஓடினார். எல்லாப் பாறைகளும் ஒரே மாதிரி வெயிலில் கிடந்தன. ஓணான் ஒன்று, இதுவரை மனுஷனையே பார்க்காதது போல அவரைப் பார்த்தது.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சத்தியமா வந்தேம்மா. இனி என்னை யாரு நம்புவா?"

குரு முந்தானையை உதறி இடுப்பில் செருகினார். நெஞ்சை நிமிர்த்தி மலையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"அடுத்த கூட்டம் உங்களுது அண்ணே. நானும் இருபது வருஷமா ஆள் கூட்டிட்டு வர்றேன். இந்த மலையைக் கேட்டுப் பாருங்க. ஒருத்தரும் வந்ததே இல்லைன்னு சாதிக்கும்."