பந்தியில் கடைசி ஆள்

"அந்த ஆளை அனுப்பிவிடுங்கள் சாமி. இல்லையென்றால் நான் போகிறேன்."

சொன்னவர் மாசிலாமணி. மடத்துச் சமையல்காரர். ஐம்பத்தெட்டு வயது.

அந்த ஆள் என்றது செவ்வந்தியப்பனை. பந்தியில் பரிமாறுகிறவர். இருவருக்கும் ஆறு வருஷப் பகை.

மடத்துத் தலைவரான சாமிக்கு இருவரையும்விட வயது குறைவு. வாழைச்சருகில் தொன்னை தைத்துக்கொண்டிருந்தார்.

"அனுப்பிவிடலாம். குற்றம் என்ன? ஒன்று சொல்லும், போதும்."

மாசிலாமணி ஒன்பது சொன்னார். கேட்டால் பதில் வராதாம். வந்தால் கடிக்குமாம். இப்படியே போயிற்று.

"இதெல்லாம் என்னிடமும் உண்டு. உம் தூக்கத்தைக் கெடுப்பது எது?"

மாசிலாமணி நேற்று நடந்ததைச் சொன்னார்.

கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை பந்தி எழக்கூடாது. மடத்து வழக்கம். நேற்று பல்லில்லாத பெரியவர் ஒருவர் அப்பளத்தை ரசத்தில் ஊறவைத்துத் தின்றிருக்கிறார். அவசரப்படுத்தப் போன மாசிலாமணியிடம், "உன் அடுப்பைப் போய்ப் பார்" என்றிருக்கிறார் செவ்வந்தியப்பன்.

சாமியின் கை நின்றது.

"சோறு ஆறிவிடுகிறதோ?"

"சூடு பண்ணிக்கொள்ளலாம்."

"உம் வேலை கெடுகிறதா?"

"அதற்குமேல் எனக்கென்ன வேலை?"

"பிறகு?"

மாசிலாமணி முற்றத்துப் பக்கம் கை காட்டினார்.

"அடுத்த பந்திக்காரர்கள் வெளியே நிற்கிறார்கள் சாமி. சித்திரை வெயில். கல் பாவிய முற்றம். ஒருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கால் மாற்றி மாற்றி நின்றாள்."

"அட. அதையா பார்த்துக்கொண்டிருந்தீர்?" சாமிக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

"தினம் பார்க்கிறேன்."

"ஆறு வருஷமாகவா?"

"ஆறு வருஷமாக."

"என்ன செய்தீர்?"

"அந்த ஆளோடு சண்டை போட்டேன்."

சாமி அடுத்த சருகை எடுத்தார்.

மாசிலாமணி எழுந்தார். வாசல்வரை போனார். திரும்பி வந்தார்.

"மடத்தில் தென்னங்கீற்று இருக்கிறதா சாமி? முற்றத்தில் ஒரு பந்தல் போட்டால்..."

"செவ்வந்தியப்பன் போன வாரமே கொண்டுவந்து போட்டிருக்கிறார். ஏணி பிடிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லையாம்."