பாறையை விட்டுப் போன ஆமைகள்

அல்லிக்குளத்தில் தவளைகளும் ஆமைகளும் ஒன்றாகக் குடியிருந்தன. தவளைகளுக்குத் தலைவர் தொண்டையப்பன். சும்மா சொல்லக்கூடாது, அவர் ஒரு தரம் கத்தினால் பக்கத்து வயலில் மேயும் மாடு திரும்பிப் பார்க்கும்!

குளத்து நடுவே இருந்த பாறை தலைமுறை தலைமுறையாக ஆமைகளின் வீடு. வாரத்தில் ஒரு நாள் அவை இரை தேடப் போவதில்லை. பாறைமேல் வரிசையாக உட்கார்ந்து, பொழுது சாயும்வரை வாய் திறக்காமல் இருக்கும். அது அவற்றின் மூத்தோர் வைத்த வழக்கம். யாருக்கும் அதனால் தொந்தரவு இல்லை.

அந்த வருஷம் மழை இல்லை. தவளைகள் தொண்டை கட்டும்வரை கத்தின. மேகம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை!

அப்போது வந்தது வெள்ளையன் கொக்கு. அதற்கு அந்தப் பாறைமேல் வெகுநாளாக ஒரு கண். ஆமைகள் இருக்கும்வரை அங்கே கால் வைக்க முடியுமா? வெடுக்கென்று கடித்துவிடுமே!

"தலைவரே, நீங்க கத்தினாத்தானே மழை வரும்?"

"அதிலென்ன சந்தேகம்!"

"ஒரு கூட்டம் நாள் முழுக்க வாயைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கே! நீங்க கூப்பிட்ட மழையை அதுங்கதான் திருப்பி அனுப்புதுங்க!"

தொண்டையப்பனுக்கே அதில் முழு நம்பிக்கை வரவில்லை. ஆனால் "மழை எங்கே?" என்று தினமும் குடைந்தெடுத்த தவளைகளுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டதே! கரைமேல் ஏறினார். தொண்டையைப் புடைத்தார்.

"மழையைத் தடுத்த ஆமைகளே, வெளியே போங்க!"

"நாங்க பொரிஞ்சதே இந்தக் கரை மண்ணுலதானே. எங்கே போவோம்?" என்று கேட்டாள் ஆமைகளில் மூத்தவளான காத்தாயி. தவளைகள் எல்லாம் சேர்ந்து "போங்க! போங்க!" என்று கத்தின. ஆமைகள் வரப்பேறி, தூரத்துக் கல்குவாரிப் பள்ளத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

மறுநாளே கொக்கு பாறைமேல் நின்றது. ஒற்றைக் காலில், வாய் திறக்காமல், வாரம் முழுக்க! அதை மட்டும் ஒருவரும் குற்றம் சொல்லவில்லை. மழையும் வரவில்லை.

தலைப்பிரட்டைகள்தான் காணாமல் போய்க்கொண்டே இருந்தன. அடுத்த வருஷம் தொண்டையப்பனின் பிள்ளைகளில் இரண்டே இரண்டு மிச்சம். பாறைமேல் நின்ற கொக்கின் அலகைப் பார்த்தார், எல்லாம் புரிந்தது. தத்தித் தத்திக் குவாரிக்குப் போனார்.

அவர் போய்ச் சேர்ந்தது ஆமைகளின் ஓய்வு நாளில். எல்லாம் வாய் மூடி உட்கார்ந்திருந்தன. அத்தனை முகமும் அல்லிக்குளம் இருக்கும் திசையைப் பார்த்தே இருந்தன. பார்த்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. பொழுது சாயும்வரை அவரும் வாய் மூடிக் காத்திருந்தார். ஒரு தவளைக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை தெரியுமா!

பொழுது சாய்ந்தது. "வாங்க தலைவரே, சாப்பிட்டீங்களா?" என்றாள் காத்தாயி. அந்தக் கேள்வியில் அவர் கூனிக் குறுகிப் போனார்.

"தப்புப் பண்ணிட்டேன் அக்கா. வந்துடுங்க" என்று கிசுகிசுத்தார்.

"எங்களை விரட்டினப்ப இப்படியா பேசினீங்க?"

"இல்லை... மாடு திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்."

"அதே கரையில நின்னு, அதே சத்தத்துல, சொன்னது பொய்னு சொல்லுங்க. வர்றோம்."

மறுநாள் வெட்கத்தோடு அதே கரைமேல் ஏறினார். ஆனாலும் கத்தினார். "ஆமைகள் மேல நான் சொன்னது பொய்! பொய்! பொய்!" மாடு திரும்பிப் பார்த்தது.

ஆமைகள் வந்தன. கொக்கின் காலில் காத்தாயியே ஒரு கடி கொடுத்தாள். அது பறந்த பறப்பு இருக்கிறதே! குவாரியில் பிறந்த குட்டிகள், "இதுதான் நம்ம பாறையா?" என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தன.

கடைசியில் மழையும் வந்தது. என்றைக்குத் தெரியுமா? ஆமைகள் வாய் மூடி உட்கார்ந்திருந்த அந்த ஓய்வு நாளில்! சொட்டச் சொட்ட நனைந்த தொண்டையப்பன் கத்த வாயைத் திறந்தார். பாறையைப் பார்த்தார். பேசாமல் மூடிக்கொண்டார்.

ஊரறியப் பழி சுமத்தியவர், அது பொய் என்பதையும் ஊரறியச் சொன்னால்தான் செய்த பிழை தீரும்.