பிரசவ வார்டுக்குப் போகும் வழி

தவசிக்கு நேர்கோடு போட்டே பழகிய கை. வருஷக்கணக்காகக் கட்டட பிளான் வரைந்தவர். இப்போது செல்போனுக்குள்ளேயே கட்டடத்தை எழுப்பி, உள்ளே வருகிறவர்களுக்கு அதை வழி சொல்லவைக்கும் வேலையைக் கற்றுக்கொள்ளப் பூங்கோதையிடம் வந்து சேர்ந்திருந்தார். அவள் அவரைவிட ரொம்பச் சின்னவள். ஆனாலும் வாய் நிறைய "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கு அவர் "அண்ணே".

அவர் தனியாகச் செய்த முதல் மாடல் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பிளானைப் பார்த்துச் சுவர், கதவு, மாடிப்படி எல்லாம் எழுப்பியாயிற்று. வந்துபோகிற ஜனங்கள் செல்போனோடு நடந்த தடங்களையும் அதன்மேல் போட்டுப் பார்த்தாயிற்று. டீச்சர் சரி என்றால் நாளைக் காலை அது எல்லார் போனிலும் வந்துவிடும். இல்லையென்றால் அவர் மறுபடி எடுபிடிதான்.

"டீச்சர், ஒரு சந்தேகம். வாசல்ல இருந்து பிரசவ வார்டுக்கு பிளான்ல நேரா ஒரே வராண்டா. குறுக்க ஒரு தூண்கூடக் கிடையாது. ஆனா ஜனங்க போன தடம், பாதியிலயே இடப்பக்கம் திரும்பி, மருந்துக் கடையைச் சுத்தி, வெயில்ல இறங்கி ஏறிப் போகுது. பிளானை நம்புறதா, ஜனங்களை நம்புறதா?"

"நீங்க எதை நம்புனீங்க?"

"சிக்னல் கோளாறுன்னு தடத்தையெல்லாம் அழிச்சுட்டேன். வழியை நேராக்கியாச்சு."

"அத்தனை பேர் போனுக்கும் ஒரே இடத்துலயா கோளாறு?"

"போன்தானே டீச்சர். கூட்டத்தைப் பார்த்தா மிரளும்."

"நேர்ல போய்ப் பார்த்தீங்களா?"

"பிளான் கையில இருக்கையில எதுக்கு?"

பூங்கோதை சிரித்தாள். நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கண்ணே. எனக்கும் இன்னைக்குச் செக்கப்தான். உங்க மாடலே வழி சொல்லட்டும். நீங்க போனோட முன்னால நடங்க, நான் பின்னால வர்றேன். நாம போற தடமும் பதியட்டும்."

ஆஸ்பத்திரி வராண்டாவில் தவசி மாப்பிள்ளை மாதிரி நடந்தார். பாதி தூரம் போயிருப்பார்கள். பக்கத்தில் ஒரு கதவு திறந்தது. பிளானில் அது வெறும் நம்பர் போட்ட அறை. உள்ளேயிருந்து வெள்ளைத் துணி சுற்றிய உடம்பு ஒன்றை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே ஒரு பெண் மாரில் அடித்துக்கொண்டு வந்தாள்.

"நேராகச் செல்லவும்" என்றது போன்.

தவசி விருட்டென்று திரும்பினார். பூங்கோதைக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்தார்.

"அங்கிட்டுப் பார்க்காத தாயி! பிணவறை. வேணாம், சுத்திப் போயிருவோம்."

டீச்சர் என்ற சொல்லே அவருக்கு மறந்துபோயிருந்தது. இடப்பக்கம் திரும்பி, மருந்துக் கடையைச் சுற்றி, வெயிலில் இறங்கி ஏறி, அவளைக் கூட்டிக்கொண்டு போனார். "வழி தவறிவிட்டீர்கள், வழி தவறிவிட்டீர்கள்" என்று போன் கத்திக்கொண்டே வந்தது. பிரசவ வார்டு வாசல் பெஞ்சில் அவளை உட்காரவைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

பூங்கோதை நிதானமாகத் தண்ணீரைக் குடித்தாள். போனை வாங்கிப் பார்த்தாள். அவர் நடந்த தடம், பாதி தூரத்தில் இடப்பக்கம் ஒடிந்து கிடந்தது.

"அண்ணே, உங்க போனும் மிரண்டிருச்சு. அழிச்சிரவா?"